கண்ணை மூடிப் பிடித்த மீன்

ஓகஸ்ட் மாதத்தில் அந்த ஆற்றை ஆறு என்று சொல்லக் கொஞ்சம் துணிவு வேண்டும். அணைக்குக் கீழே வெறும் பாறைகள்தான். அவற்றுக்கு இடையில் மடு மடுவாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு மடுவிலிருந்து அடுத்ததற்குக் கையகல நீர் ஊர்ந்து போகும். தை மாதத்தில் மார்பளவு வெள்ளம் போன இடத்தில் ஆட்டுப் புழுக்கை காய்ந்து கிடக்கும்.

பலேர்மோவிலிருந்து முக்கால் மணித்தியாலம் காரோட்டி கொன்ஸ்ரன்ரைனும் மூர்கெனும் இங்கே வருவது பிளாக் பாஸ் என்ற மீனுக்காக. பச்சை முதுகும் பெரிய வாயும் உள்ள மீன். வேறு நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து அணையில் விட்டது, மெல்ல மெல்ல ஆற்றுக்கும் இறங்கிவிட்டது. அதைப் பிடிப்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், திரும்ப விட்டுவிடுவார்கள். இந்தக் கடைசிப் பகுதி கொன்ஸ்ரன்ரைனின் மனைவி மொனிகாவுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. "பெற்றோலை எரிச்சுப் போய் மீனுக்குச் சுகம் கேட்டுப்போட்டு வாறியள்," என்பாள்.

கொன்ஸ்ரன்ரைன் மன்னாரான். கடற்கரை ஊரான் என்றால் மீன்பிடி இரத்தத்தில் இருக்கும் என்று இத்தாலியர்கள் நினைத்தார்கள். கொன்ஸ்ரன்ரைனின் தகப்பன் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்தவர். மகன் முதன்முதலாகத் தூண்டில் பிடித்தது நாற்பத்தைந்து வயதில், சிசிலியில். மூர்கென்தான் கூட்டிக்கொண்டு வந்தான். மொரிசியஸ்காரன், கொன்ஸ்ரன்ரைன் வேலை செய்யும் கட்டடத்தின் வாசல் காவலாளி. பூட்டன் காலத்துத் தமிழ் அவனிடம் பெயரில் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு பேரும் இத்தாலியனில்தான் கதைப்பார்கள். மூர்கெனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் கோயிலில் கேட்ட "அரோகரா". மீன் தூண்டிலிலிருந்து கழன்று போகும்போதெல்லாம் அதைச் சொல்லுவான்.

தண்ணீர் வற்றிய காலத்தில் இந்த மீனைப் பிடிப்பது வேறு மாதிரியான வேலை. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். பாறையில் செருப்புத் தேய்ந்தால்கூட மீனுக்குக் கேட்டுவிடும். நிழல் விழாமல் குனிந்து போய், ஈயம் கட்டாத றப்பர் புழுவைப் பாறைக்குக் கீழே இருட்டு இருக்கிற இடத்தில் மெல்லப் போட வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். நைலோன் நூல் ஆட்காட்டி விரலில் பட்டும் படாமலும் கிடக்கும். அலுத்துப்போன மீன் பாய்ந்து வந்து பிடிக்காது. புழுவை ஒருமுறை வாய்க்குள் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். அந்த இடைவெளிக்குள் விரல் நுனியில் நகத்தால் ஒருமுறை தட்டியது போல இருக்கும். அவ்வளவுதான். அதை உணர்ந்து இழுத்தால் ஊசி உதட்டில் ஏறும். உணராவிட்டால் மீன் போய்விடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொன்ஸ்ரன்ரைன் வந்தது மீனுக்காக அல்ல. தன்னுடைய விரல்களுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வந்திருந்தான்.

முதலில் வலது கைப் பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் காலையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. உதறினால் போய்விடும். பிறகு உதறினாலும் போகவில்லை. பிறகு எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் பூட்ட வேண்டியிருந்தது. இடது கையும் மெல்ல அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது போல, பரிசோதனை செய்து பார்த்து வெட்ட வேண்டி வரும் என்று குடும்ப வைத்தியர் சொன்னார். வெட்டினால் பல வாரம் பாரம் தூக்கக்கூடாது. பரிசோதனைக்கு அவர் எழுதிக் கொடுத்த துண்டை அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவனுடைய வேலையே பாரம் தூக்குவதுதான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், சிஞ்ஞோர் அத்தீலியோ என்ற வயோதிபரைப் பார்த்துக்கொள்கிறான். துறைமுகக் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, பின்னேரம் அவருடைய மகள் சிஞ்ஞோரா தொனத்தெல்லா வரும்வரை கூட இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது குளிப்பாட்டல். சவர்க்காரம் போட்ட உடம்பை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, கதிரையிலிருந்து எழுப்பி, துவாய்க்குள் கொண்டுவருவது.

இந்த வேலையில் எங்கட ஆட்களுக்குள் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒருவன் விடுமுறையில் போனால் பதிலுக்கு இன்னொரு தமிழனை அவனே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்காரருக்குப் புதியவனைப் பிடித்துவிட்டால் பழையவன் திரும்பி வரும்போது இடம் இருக்காது. யாரும் யாரையும் கோபிப்பதில்லை, கொஞ்சநாள் கதைக்காமல் இருப்பார்கள். கொன்ஸ்ரன்ரைனுக்கும் இந்த வேலை அப்படித்தான் வந்தது. முதலில் இருந்தவன் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று ஊருக்குப் போனவன்.

ஆகவே வைத்தியரின் துண்டு சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் மொனிகாவிடம் மறைக்க முடியவில்லை. நகரத்தின் காவல் புனிதை சாந்த ரோசலியாவின் மலைக்கு ஒரு ஞாயிறு நடந்து போனபோது, கொளுத்திய மெழுகுதிரி உருகி அவன் விரல்களில் வடிந்துகொண்டிருந்தது. அவன் பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றான். மொனிகாதான் தட்டிவிட்டாள்.

"சுடேல்லையோ?"

"இல்லை."

அடுத்த கிழமை அவள் கபோச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் வெள்ளித் தகட்டால் செய்த கை ஒன்று வாங்கினாள். நோய் பிடித்த உறுப்பின் உருவை வாங்கி வைத்து மன்றாடுவது அவளுடைய ஊரில் வழக்கம். வழக்கமான மூன்று எழுத்துப் பொறிக்கவா என்று கடைக்காரன் கேட்டான். எல்லோரும் பொறிக்கிறார்கள் என்றால் பொறியுங்கோ என்றாள். கொண்டுபோய் மலையில் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

இங்கே அந்த வழக்கம் தலைகீழ். இத்தாலியர்கள் முதலில் மன்றாடுவார்கள், சுகம் வந்த பிறகுதான் வெள்ளி உருவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த எழுத்துக்களின் பொருள், கிடைத்த அருளுக்காக என்பது. மலைக்குக் கூட வந்த சிநேகிதி கத்தரீனாவுக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். அவள் வாசித்துவிட்டு, "மொனிகாக்கா, அப்ப அண்ணைக்குச் சுகம் வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

மொனிகா எதையும் விட்டுக்கொடுப்பாள், கத்தரீனாவுக்கு முன்னால் தெரியாதவளாக நிற்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஓம், வந்திட்டுது," என்றாள்.

அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆட்கள் வரிசையாக வந்து கொன்ஸ்ரன்ரைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யார் இறுக்கினார்கள், யார் மெல்லப் பிடித்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு நின்றான். கத்தரீனா வேலை செய்வது அதே கட்டடத்தின் நாலாம் மாடியில். செய்தி படியிறங்கி சிஞ்ஞோரா தொனத்தெல்லாவிடமும் போய்விட்டது. அவன் கோப்பைகளைக் கைதவற விடுவதைப் பார்த்துவிட்டு, குளிப்பாட்டலுக்கு மட்டும் வேறொருவரை வைப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த யோசனையை விட்டுவிட்டாள். "எங்கட சாந்தூத்சா ஆளை ஏமாத்தமாட்டா," என்றாள். சாந்த ரோசலியாவை இந்த நகரத்து ஆட்கள் செல்லமாக அப்படித்தான் அழைப்பார்கள்.

போன புதன்கிழமை சிஞ்ஞோர் அத்தீலியோவின் இடது கையில், முழங்கைக்கு மேலே, நீலமாக நான்கு தடங்கள் இருந்தன. இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் குளிசை எடுக்கிறவர், இலேசில் கண்டிவிடும். விழுந்த பக்கம் என்பதால் அவருக்கும் அங்கே உணர்வில்லை. பிடித்தவனுக்கும் தெரியவில்லை, பிடிபட்டவருக்கும் தெரியவில்லை.

"இதென்ன, கொஸ்தந்தீனோ?" என்று மகள் கேட்டாள்.

"கட்டில் கம்பியில பட்டிருக்கும், சிஞ்ஞோரா."

அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். கட்டில் கம்பிக்கு ஒரு துவாய் சுற்றிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவன் அந்தத் துவாயைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆற்றில் மூன்றாவது மடுவுக்கு வந்ததும் அவன் மூர்கெனைக் கூப்பிட்டான்.

"நான் கண்ணை மூடிக்கொண்டு தூண்டில் போடப்போறன். நீ மேல நிண்டு பார். மீன் எடுத்தா வாய் திறக்காதை. நானாச் சொல்லுறன்."

மூர்கென் சிரித்தான். "கண்ணைத் திறந்துகொண்டு போட்டே காலையிலயிருந்து ஒண்டையும் காணேல்லை. என்ன, பந்தயமோ?"

"பந்தயம் இல்லை."

"பிறகேன்?"

"சொல்லுறன். ஏறு."

மூர்கென் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி பாறைக்கு மேலே ஏறி, தொப்பியால் வெயிலை மறைத்துக்கொண்டு குந்தினான். போன வருடத்திலிருந்து கொன்ஸ்ரன்ரைனின் விரல்கள் செய்ய வேண்டிய வேலையைக் கண்தான் செய்துகொண்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. நூல் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மீன் எடுக்கும்போது அந்த இடம் இம்மியளவு விலகும். அதைப் பார்த்து இழுத்துவிடலாம். மீனும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சவர்க்கார நுரைக்குள் கண்ணால் என்ன பார்ப்பது?

அவன் புழுவைப் பாறையின் நிழலுக்குள் போட்டான். அது மெல்லத் தாழ்வதைப் பார்த்தான். நூலை ஆட்காட்டி விரலில் வைத்தான். கண்ணை மூடினான்.

வெயில் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. தண்ணீர் கல்லில் வடியும் சத்தம். எங்கேயோ ஆட்டு மணி. விரலின் பக்கம் இருந்து எதுவும் வரவில்லை. தும்பி ஒன்று காதுக்குப் பக்கத்தில் வந்து போனது. நூல் விரலில் இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. வேறு யாருடைய கையையோ தன் உடம்பில் மாட்டிவிட்டது போல இருந்தது. பயம் வரும் என்று நினைத்திருந்தான். பயமும் வரவில்லை. கால் மட்டும் விறைத்தது.

"கொஸ்தா," என்றான் மூர்கென்.

"சொல்லாதை எண்டனான்."

"கொஸ்தா, கண்ணைத் திற. எவ்வளவு நேரமா வாயில வைச்சுக்கொண்டு நிக்குது. நீ விளையாடுறாய் எண்டு நினைச்சன்."

அவன் கண்ணைத் திறந்தான். நூல் நிழலுக்குள் இல்லை. மடுவின் மறுகரை வரை இழுபட்டு, வளைந்து கிடந்தது. விரலின் மேலே ஓடித்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இழுத்தான். தடி வளைந்தது. பெரிய மீன், அந்த வருடம் பார்த்ததிலேயே பெரியது. குதித்தது, தலையை உதறியது. மூர்கென் இறங்கி வந்து வலையைப் பிடித்தான். ஊசி உதட்டில் இல்லை. நூல் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. செவுளிலிருந்து இரத்தம் வந்தது.

மூர்கென் இடுக்கியை எடுத்து முயன்று பார்த்தான். நூலை வெட்டிவிட்டு மீனைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்தான். அது பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்தினான். மறுபடி சரிந்தது. மூன்றாம் தடவை அவன் அதை எடுத்துக் கல்லில் வைத்துத் தலையில் ஒரு அடி அடித்தான். அரோகரா சொல்லவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"கனகாலம்."

"எங்கட கட்டடம் முழுக்க உனக்குச் சுகமெண்டு கதைக்குதே. நாலாம் மாடிக்காரி என்னைப் பிடிச்சு வைச்சு அரை மணித்தியாலம் சொன்னவள்."

"ஓம்."

மூர்கென் கையைக் கழுவினான். "அப்ப கிழவரை ஆர் குளிப்பாட்டுறது?"

"நான்தான்."

"இந்தக் கையாலயோ?"

கொன்ஸ்ரன்ரைன் தடியை மூன்று துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் மூர்கென் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கதைத்தான். இறங்கும்போது மட்டும், "நான் அந்த வாசலிலதான் இருக்கிறன். கிழவருக்கு ஏதும் நடந்தா அம்புலன்சுக்குக் கதவு திறக்கிறதும் நான்தான். அதை யோசி," என்றான்.

மொனிகா பொலித்தீன் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன அதிசயம், இண்டைக்கு மீனோட வாறியள்? சுகம் கேக்கப் போன இடத்தில செத்துப்போச்சோ?"

"ஓம்."

அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மீனைத் தொட்டிக்குள் போட்டுச் செதிள் தட்டத் தொடங்கினாள். சேறு மணக்கும், புளி கூடப் போட வேண்டும் என்றாள். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்று ஆற்றில் நடந்ததைச் சொன்னான். பிறகு அந்த நான்கு தடங்களையும் சொன்னான். செதிள் தட்டும் சத்தம் நின்றது.

"என்னட்டையும் கட்டில் கம்பி எண்டனீங்கள்."

"கம்பி இல்லை."

"அப்ப நான் அங்கை மலையில கொண்டுபோய்க் குடுத்தது..." அவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "உங்களுக்குக் கொஞ்சமாவது சுகம் வந்திருக்கும் எண்டு நினைச்சன். ஆக்கள் எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் நம்பிப்போட்டன்."

"நானும்தான் பேசாமல் இருந்தன்."

"கையைக் கொண்டு வாங்கோ இஞ்சை."

அவன் கொடுத்தான். அவள் மீனின் முதுகுச் செட்டையை விரித்து, அதன் முள்ளால் அவனுடைய பெருவிரலில் குத்தினாள்.

"தெரியுதோ? பார்க்கக் கூடாது. அங்காலை பாருங்கோ."

அவன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான். "இல்லை."

"இது?"

"இல்லை."

"இது?"

"குத்துறியோ?"

அவள் நிறுத்தினாள். அவன் திரும்பிப் பார்த்தபோது மூன்று விரலிலும் சின்னச் சின்னதாக இரத்தம் நின்றது. அவள் அவன் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக் கழுவி, சட்டையின் ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

"நாளைக்குச் சொல்லிப்போடுங்கோ அந்த மனிசிக்கு. வைத்தியர் தந்த துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

"வேலை?"

"அந்த மனிசன் விழுந்தா மட்டும் வேலை இருக்குமோ?" அவள் மறுபடி மீனை எடுத்தாள். "கத்தரீனாவுக்கு நான் சொல்லுறன். அவளுக்கு ஒரு கிழமைக்குக் கதைக்கக் காணும்."

பின்னேரப் பூசைக்கு முன்பு இருவரும் அந்த மீனைச் சோற்றோடு சாப்பிட்டார்கள். சேறு மணக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலையில் சிஞ்ஞோரா தொனத்தெல்லா வேலைக்குப் போகும் வழியில் தகப்பனுக்குப் புதினப் பத்திரிகை கொண்டுவந்தாள். கொன்ஸ்ரன்ரைன் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டான். கோப்பி ஊற்றி வைத்தான். அவள் குடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருந்தான், ஆனால் நின்றபடியே சொன்னான்.

"அந்த நீலம் என்ர கைத் தடம், சிஞ்ஞோரா. கம்பி இல்லை. எனக்கு விரலில உணர்வில்லை. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறன் எண்டு தெரியிறேல்லை."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "அப்ப சாந்தூத்சா?"

"அது என்ர மனிசிக்கு உங்கட வழக்கம் தெரியாமல் நடந்தது. சுகம் கேட்டுத்தான் குடுத்தவள்."

அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. அவள் சத்தம் போடவில்லை, கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாள். கம்பிக்குத் துவாய் சுற்றும்போது பார்த்துக்கொண்டு நின்றீங்களே என்று கேட்டாள். அவன் ஓம் என்றான். என் அப்பாவைக் குளியலறையில் இனி நீங்கள் தொடக்கூடாது என்றாள். அதற்கும் ஓம் என்றான். அவள் கதிரையில் இருந்து, ஆறிய கோப்பியை ஒரே மிடறில் குடித்தாள்.

"சமையல், குளிசை, அவரோட கதைக்கிறது. அதைச் செய்யுங்கோ. ஆஸ்பத்திரிக்கு நேரம் குறிச்சதும் எனக்குச் சொல்லுங்கோ. குளிக்கவாக்க வேற ஆள் வேணும். நாளையிலயிருந்து. ஆர் வருவினம்?"

வழக்கப்படி ஆளைக் கொண்டுவர வேண்டியது அவன்தான். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவில் கோப்பை கழுவும் கோபாலசிங்கம் காலையில் சும்மா இருந்தான். நல்ல உயரம், நல்ல கை. இவனைவிட நன்றாக வேலை செய்வான் என்பதும் தெரியும். அவனைக் கூப்பிட வேண்டாம் என்று மனதின் ஒரு பக்கம் சொன்னது. சோம்பேறி ஒருவனைக் கூப்பிட்டால் இடம் பத்திரமாக இருக்கும். கொன்ஸ்ரன்ரைன் ரெலிபோனை எடுத்துக் கோபாலசிங்கத்துக்கு அடித்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் குளியலறை வாசலில் நின்று சொல்லிக்கொடுத்தான். முதலில் வலது கால். கழுத்துக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றக்கூடாது, பயப்படுவார். இடது கையைப் பிடிக்கக்கூடாது, கக்கத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும்.

"இஞ்சையோ அண்ணை?"

"இன்னும் கீழ. ஓம். இறுக்காதை."

"இறுக்கேல்லை. பாருங்கோ."

சிஞ்ஞோர் அத்தீலியோ முதலில் கொஸ்தந்தீனோ, கொஸ்தந்தீனோ என்று கூப்பிட்டார். கொன்ஸ்ரன்ரைன் இங்கேதான் நிற்கிறேன் என்றான். இரண்டாம் நாளும் கூப்பிட்டார். அந்தக் கிழமையின் கடைசியில் கொன்ஸ்ரன்ரைன் வாசலில் நிற்கத் தேவைப்படவில்லை. குசினியில் இருந்து குளிசையைக் கரண்டியால் நசித்துக்கொண்டிருந்தான். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தோடு கோபாலசிங்கம் ஏதோ உடைந்த இத்தாலியனில் சொல்ல, வயோதிபர் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து அவன் கனநாள் கேட்கவில்லை. குளிசை தூளாகிவிட்டதா என்று குனிந்து பார்த்தான். தூளாகியிருந்தது. பீச்சஸ் பழக்கூழில் கலந்தான்.

கோபாலசிங்கம் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"நல்ல மனிசன் அண்ணை. என்னைக் கப்பித்தானோ, கப்பல் கப்டன், எண்டு கூப்பிடுறார்."

"அப்பிடியோ."

"கையில இருந்த நீலமும் மஞ்சளாகி மறைஞ்சுபோச்சு. பார்த்தனீங்களோ?"

"பார்த்தன்."

"நாளைக்கும் இதே நேரம்தானே?"

"ஓம். வா," என்றான் கொன்ஸ்ரன்ரைன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், வயோதிபரின் அறைக்குக் கொண்டுபோனான்.